ஜவ்வை அத்துக்கிட அவசரப்படுத பேராண்டிக்கு

வாலே பேராண்டி, வந்து ஒக்காரு. ஆப்பரேஷன் பண்ணி 4 மாசம்தான் ஆவுது, அதுக்குள்ள பொங்கக் கபடியில எறங்கப் போறியாமே. ரொம்ப சந்தோசம். வீரம்னா அதுதாம்ல. ஆஸ்பத்திரிக்காரனுக்கும் பொழப்பு ஓடணும்லா. ஒங்கப்பன் இன்னும் அரை ஏக்கர் மிச்சம் வச்சிருக்கான், அதையும் வித்துட்டா மனுசன் நிம்மதியா ஒறங்குவான்.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு பாக்காத. ஒன் மாமன் மவ பிசியோதெரபி படிக்கா. பரிச்ச வந்துட்டா நடுச்சாமம் வரைக்கும் சத்தம்போட்டுப் படிப்பா. திண்ணையில கெடக்க எனக்கு ஒறக்கம் வருதா? எல்லாம் காதுல விழுந்ததுதான்.

போன தடவ நீ அத்துக்கிட்ட லெச்சணத்த நான் கோட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன். பாடிப் போன, ஒருத்தனத் தொட்ட, திரும்புன. ஒருத்தன் கணுக்காலப் பிடிக்கக் குனிஞ்சான், அவன் கை ஒம் மேல படவே இல்ல. நீயா ஒரு தாவு தாவி ஒத்தக்கால்ல வந்து ஊணுன, முட்டிய மடக்காம. பாதம் விரிப்புல கவ்விக்கிட்டு நிக்கி, ஒடம்பு நடுக்கோட்டுக்குத் திரும்புது, முட்டி உள்பக்கமாச் சாயுது. டொப்புன்னுச்சு. ரெண்டு மணி நேரத்துல முட்டி வீங்கிப் போச்சு. ஊருக்குள்ள என்ன சொன்ன? எதிராளி சாச்சுப்புட்டான்னு! இந்த ஜவ்வுக் காயத்துல பத்துக்கு ஏழு, எவனும் இடிக்காம தானா வாங்கிக்கிடுததுதானாம்ல.

முட்டிக்குள்ள குறுக்கு மறுக்கா ரெண்டு ஜவ்வு கெடக்கு. நீ அத்துக்கிட்ட முன் ஜவ்வு, தொடை எலும்புக்குப் பின்பக்கமாத் தொடங்கி, கீழ்க்கால் எலும்போட முன்பக்கத்துல வந்து முடியும். நீளம் 3 சென்டிமீட்டர் சொச்சம், அகலம் 1 சென்டிமீட்டர். கீழ்க்கால் எலும்பு முன்னால நழுவிராமப் பிடிக்கதுல நூத்துக்கு 85 பங்கு இது ஒண்ணே தாங்குது. 1991-ல சாவியோ வூன்னு ஒரு விஞ்ஞானியும் கூட்டாளிகளும் அமெரிக்காவுல, செத்தவங்க முட்டிய மிசின்ல மாட்டி, அறுத வரைக்கும் இழுத்துப் பாத்திருக்காவ. ஒன் வயசு ஜவ்வு சுமார் 220 கிலோ பாரம் தாங்குச்சு. 60 தாண்டுனது 70 கிலோகூடத் தாங்கல. அதனாலதான் நான் குதிக்கதில்ல. நீ குதிக்க, சரி. ஆனா ஓடி வந்து திருகி விழுதப்போ அந்த 220 எம்மாத்திரம்?

தொடைக்கு முன்னால, கண்ணாடியில பாத்துப் பாத்து வளக்கியே ஒரு சதை, காலு நீண்டிருக்கப்போ அது கீழ்க்கால் எலும்ப முன்னாலதான் இழுக்கும். ஜவ்வுக்குப் பகையாளியே அதுதான். பின்தொடைச் சதை பின்னால இழுத்து ஜவ்வக் காப்பாத்தும். அதுவும் முட்டி மடங்கியிருந்தாத்தான் நடக்கும். பின்னால இருக்கத எவன் கண்ணாடியில பாக்கான்?

ஜிம்முல ஒக்காந்து கால நீட்டி நீட்டி எடை தூக்குதியே, அதுல கடைசி 30 டிகிரியிலதான் முன் ஜவ்வுக்கு இழுப்பே. நான் குத்தவச்சிருக்கதப் பாத்து, "தாத்தா, முட்டி போயிரும்"னு புத்தி சொன்ன. அந்த ஆழத்துல முன் ஜவ்வு சும்மாதாம்ல கெடக்கு. பாரத்த பின் ஜவ்வு வாங்கிக்கிடும், அது தடியன்.

கால் ஊணி ஒரு நொடியில 25-ல ஒரு பங்குக்குள்ள காரியம் முடிஞ்சிருமாம். மூளைக்குச் சேதி போயி, சதைக்கு உத்தரவு வந்து சேரதுக்குள்ள ஜவ்வு அத்துரும். சதைய அந்தரத்துலயே இறுக்கி வச்சிக்கிட்டு எறங்கணும். ஒனக்கு அந்தரத்துல இருக்கப்போ கைதட்டுதவ பக்கம்தானே கண்ணு.

இப்ப ஒன் முட்டிக்குள்ள இருக்கது ஜவ்வே இல்ல பாத்துக்க. பின்தொடையிலருந்து உருவி எடுத்துத் தச்ச நாரு. மொதல்ல அதுல உள்ள உயிரணு சாவணும், பெறவு புது ரெத்தக்குழா ஏறணும், மெல்ல மெல்லத்தான் ஜவ்வா மாறும். 2, 3 மாசத்துல வலி போயிரும். அந்தச் சமயத்துலதான் நாரு ஆகப் பெலவீனமா இருக்கும். ஒட்டு மாங்கன்னு துளுத்துட்டுன்னு கட்ட அவுத்து ஆட்டிப் பாக்கவன எங்கனயாவது பாத்திருக்கியா? வலியோட சேத்து ஒனக்கு புத்தியும் போயிட்டு.

நார்வேயில 2016-ல ஒரு ஆய்வு வந்திருக்கு. ஆப்பரேஷன் பண்ணி 9 மாசம் வரைக்கும், ஆட்டத்தத் தள்ளிப்போடுத ஒவ்வொரு மாசத்துக்கும் மறுகாயம் பாதியாக் கொறையுதாம். நீ கணக்குல சூரன்லா, நீயே போட்டுப் பாரு.

சரி, ஆடத்தான் செய்வேன்னா 9 மாசம் கழிச்சு வா. களத்துல நான் கோடு கீறுதேன். நல்ல காலால ஒத்தக்கால் தாவு, பெறவு வெட்டுன காலால தாவு. நூத்துக்கு 90 பங்கு தூரமாவது வரணும். அளக்கப் போறது ஒன் மாமன் மவதான். அவ ஒரு இஞ்சிகூட விட்டுக் குடுக்க மாட்டா, இப்பவே சொல்லிட்டேன். பொங்கலுக்குப் புள்ளி எழுத ஆள் தேடுதாவ. நாற்காலி போட்டு, டீயும் வடையும் குடுப்பாவ. நான் ஒம் பேரச் சொல்லிட்டேன்.

மூஞ்சியத் தூக்காத. தெருமுக்குக் கடை வரைக்கும் போயி வெத்தல வாங்கிட்டு வா. நடந்து போகணும். பைக்கு சாவி எம் மடியில இருக்கு.