பெயர் மாறும் அட்டை

கேள்வி: கலைஞர் காப்பீடு, முதலமைச்சர் காப்பீடு, ஆயுஷ்மான் பாரத்... இவற்றில் எது உசத்தி? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: நோயாளிக்கு மூன்றும் ஒரே வம்சம்தான்! 2009-இல் கருணாநிதி தொடங்கினார். 2012-இல் ஜெயலலிதா புது வடிவம் தந்தார். 2018-இல் மத்திய அரசின் திட்டமும் சேர்ந்தது, வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஆனது.

மேடைச் சண்டையெல்லாம் பெயருக்கு. வீட்டுக் கவலையோ வேறு: பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டை வாய் திறக்கும். தினமும் விழுங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மௌனம்தான்.

அந்தச் செலவைக் குறைப்பது 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அது மொத்தமாக வாங்கும் மருந்து, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி முதல் ஜவ்வாது மலை வரை இலவசமாகக் கிடைக்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கையிருப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.