கடன்காரனுக்குப் பயந்து ஓடிய படகு

1845-இல் சர் ஜான் ஃபிராங்க்ளினை அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழி தேட அனுப்பிய பிரிட்டிஷ் கடற்படை, சம்பந்தி வீட்டுக்குச் சீர் அனுப்புவது போலத்தான் அனுப்பியது. முகப்பில் இரும்புத் தகடு போர்த்திய இரண்டு கப்பல்கள், அவற்றின் வயிற்றில் ரயில் இஞ்சின், மூன்று வருடச் சாப்பாடு, ஆயிரத்துக்கும் மேல் புத்தகங்கள், வெள்ளிக் கரண்டிகள், ஒரு குரங்கு. பனிக்குள் போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

அதே வழியைத் தேடிக் கிளம்பிய நார்வேக்காரர் ரோல்டு ஆமுண்ட்செனுக்கு இப்படிச் சீர் ஏற்றிப் போகும் ஆபத்து இல்லை. கையில் காசு கிடையாது. 1901-இல் வாங்கிய ‘யோவா’, அவர் பிறந்த அதே 1872-இல் கட்டியது. ஹெர்ரிங் மீன் பிடித்துக் களைத்த 47 டன் பாய்மரப் படகு. அடிப்பகுதிக்கு ஓக் பலகை அடித்து, 13 குதிரைத்திறன் இஞ்சின் பொருத்தினார். ஆட்கள், அவரையும் சேர்த்து, ஏழே பேர். போகிற வழியில் மளிகைக் கடையும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை என்பதால் ஐந்து வருடச் சாப்பாட்டைத் தகரத்தில் அடைத்து ஏற்றினார். எல்லாம் கடனுக்கு.

இருபத்துநாலு மணி நேரத்தில் பணம் வராவிட்டால் படகு ஜப்தி, ஆள் ஜெயில் என்று ஒரு கடன்காரர் மிரட்டியதாக ஆமுண்ட்செனே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1903 ஜூன் 16 நள்ளிரவு, கொட்டுகிற மழையில், கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) துறைமுகத்தை விட்டு யோவா நழுவியது. துருவப் பயணத்துக்கு நல்ல நேரம் பார்க்க இதைவிடக் கறாரான ஜோசியர் கிடைக்கமாட்டார்.

கனடாவின் வடக்கே, மாட்டி தீவருகே படகு தரைதட்டியது. அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பெட்டிகளில் கொஞ்சத்தைக் கடலுக்குத் தாரை வார்த்த பிறகே நகர்ந்தது. ஃபிராங்க்ளின் கிங் வில்லியம் தீவுக்கு மேற்கே போய்ப் பனியில் சிக்கினார். அவருடைய வரைபடத்தில் கிழக்கே வழியே இல்லை. ஆமுண்ட்சென் ஆழமில்லாத அந்தக் கிழக்கு வழியாகவே போனார். பெரிய கப்பல் வாங்க வக்கில்லாதது அங்கே கைகொடுத்தது. கிங் வில்லியம் தீவில் ஏறக்குறைய இரண்டு வருடம் தங்கி, அந்தப் பகுதியின் நெட்சிலிக் மக்களிடம் கலைமான் தோலாடை வாங்கி உடுத்தவும் கற்றார். ஐரோப்பாவில் தைத்த கம்பளியைவிட அது எவ்வளவோ மேல்.

1905 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த திமிங்கல வேட்டைக் கப்பல் எதிர்ப்பட்டது. வழி திறந்துவிட்டது! ஊருக்குச் சொல்ல வேண்டாமா? படகு மறுபடி பனியில் உறைய, ஆமுண்ட்சென் நாய்வண்டிக்காரர்களோடு மலை தாண்டி, அலாஸ்காவின் ஈகிள் தந்தி நிலையத்துக்குப் போனார். டிசம்பர் 5 அன்று நார்வேயின் மூத்த துருவப் பயணி நான்செனுக்கு நீளமாக ஒரு தந்தி அடித்தார். கட்டணம், பெறுபவர் கணக்கில்.