சம்பளக்காரத் துரை

குருவிகுளம் கரிசல் பூமி. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் வெடிப்பு. பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் வானம் பார்த்துத்தான் விளையும். கம்மாய் மறுகால் பாய்ந்தது என்று யாராவது சொன்னால் எந்த வருஷம் என்று கேட்பார்கள். சங்கரன்கோவில் பக்கத்து இந்த ஊர்க்காரர்களுக்குப் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் துரைமேல் ஒரு செல்லக் கோபம் உண்டு. பெரியாறு சிவகிரி மலைகளில் பிறக்கிறது என்றே பல நூல்கள் சொல்லும். சிவகிரி இதே தென்காசி மாவட்டம். இந்தப் பக்கத்து மலையில் பிறந்த தண்ணீர் மேற்கே கேரளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மறித்துத் திருப்பிய துரை கம்பம், தேனி, மதுரை, ராமநாதபுரம் வரை அனுப்பிவைத்தார். பிறந்த வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கிடையாது.

இருந்தும் அந்தக் கோபம் நிலைப்பதில்லை. ஆள் அப்படி.

ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். தைப்பொங்கலை ஒட்டிப் பிறந்தது பிற்காலத்தில் தேனி மாவட்டத்துக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைப்பதற்குத் தனியாக நாள் பார்க்க வேண்டியதில்லை. தகப்பனார் ராணுவத்தில் பெரிய அதிகாரி. 1849 ஜனவரி 13இல் சில்லியன்வாலா போரில் அவரும் ஜானின் அண்ணன் அலெக்ஸாண்டரும் ஒரே நாளில் மாண்டார்கள். இரண்டு நாள் கழித்து ஜானுக்கு எட்டு வயது நிறைந்தது. இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பாமல் வேறு வேலைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் படித்துவிட்டு 1860இல் சென்னை மாகாணப் பொறியாளர் படைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். சென்னையில் மட்டையும் கையுமாகத் திரிந்த வெள்ளைக்கார அதிகாரிகளில் அவரும் ஒருவர். ஐந்து நாள் வெயிலில் நின்று ஒன்றும் முடிவாகாமல் கைகுலுக்கிவிட்டுப் போகிற இந்த ஆட்டம், பொதுப்பணித் துறையில் கோப்புக்காகக் காத்திருப்பதற்கு நல்ல பயிற்சி என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார். பெரியாற்றுக் கோப்பின் வயதைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

1789இலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்றைத் திருப்ப வழி உண்டா என்று பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். வழி இருக்கிறது என்று தெரிந்தது, பணம் இல்லை. 1808இல் கேப்டன் கால்டுவெல் போய்ப் பார்த்துவிட்டு இது வெறும் பகல் கனவு என்று எழுதிவைத்தார். 1850இல் சின்னதாக ஒரு முயற்சி நடந்தது. காய்ச்சல் கண்டு கூலியாட்கள் ஓடிவிட்டார்கள். 1860களில் ரைவ்ஸ் என்ற அதிகாரி ஒரு மண் அணைக்குத் திட்டம் போட்டார். அதற்குப் பிறகு கோப்பு தூங்கியது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகுதான் எழுந்தது. 1882இல் பென்னிகுயிக் புது மதிப்பீடு போட ஆரம்பித்தார். திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1886 அக்டோபர் 29. எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய் வாடகை, குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பன்னிரண்டாம் மாதம் வாடகையை ஏற்றுகிற வீட்டுக்காரர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

1887இல் வேலை தொடங்கியது. துரையின் காட்டு வாழ்க்கை அப்போதுதான் உச்சத்துக்கு வந்தது. யானை, புலி, அட்டை, மலேரியா. இவற்றுக்கு நடுவே சுண்ணாம்பையும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியையும் மலைமேல் ஏற்ற வேண்டும். கூடலூர்ப் பக்கமிருந்து கம்பிவழித் தொட்டிகளில் ஏற்றி, மேலே போனதும் படகில் கொண்டுபோனார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போகும். மறுபடி கட்டுவார்கள், மறுபடி போகும். நோயில் மட்டும் 483 பேர் இறந்தார்கள். நாட்டுச் சாராயம் என்ற மருந்து இல்லாவிட்டால் இந்த அணை முடிந்தே இருக்காது என்று ஒரு பேச்சு உண்டு. ஊரில் இதைக் கேட்ட சிலர், தாங்களும் அணை கட்டத் தயார் என்று கை தூக்கினார்கள்.

வேலையின் சூட்சுமம் இதுதான்: மேற்கே ஓடுகிற ஆற்றை மறித்து, ஏரியாகத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே பள்ளத்தில் தள்ளிவிடுவது. தண்ணீர் வைகையில் போய்ச் சேரும். 155 அடி உயரத்துக்கு எழும்பிய அணையை 1895 அக்டோபர் 10ஆம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். தேங்கிய ஏரிக்கரையில்தான் பிற்பாடு தேக்கடி சரணாலயம் வந்தது. இன்று அங்கே படகில் போய் யானை பார்க்கிறவர்கள், ஒரு பாசனப் பொறியாளரின் உபயத்தில் பார்க்கிறோம் என்று அறிவதில்லை. யானைகளுக்கும் தெரியாது.

இனி நகை விஷயம். அரசு பணத்தை நிறுத்திவிட்டது, துரை லண்டனுக்குப் போய்ச் சொத்தையும் சம்சாரத்தின் நகையையும் விற்றுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்று ஒரு கதை ஊர் ஊராய் உலவுகிறது. இதற்கு ஆதாரம் இல்லை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்லியாயிற்று. அரசு திட்டம், அரசு செலவு. ஆதாரம் கிடக்கட்டும், குடும்ப நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா அம்மையாரை மணந்த துரைக்கு ஐந்து பெண்கள், ஒரு பையன். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்கிற ஊரில், ஐந்து பெண்ணின் தகப்பன் நகையை விற்றார் என்பதை எப்படி நம்பினார்களோ! கடைக்குட்டிப் பையன் 1899இல் பிறந்தபோது துரைக்கு 58 வயது. அவன் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியானான்.

கதை ஏன் பிறந்தது என்பது விளங்காத மர்மம் அல்ல. ஓர் அரசாங்க இன்ஜினீயர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சொன்ன வேலையை, சொன்ன இடத்தில், நூறு வருஷம் தாங்குகிற மாதிரி செய்து முடித்தார் என்று சொன்னால் நம்முடைய ஜனங்கள் நம்ப மாட்டார்கள். நகையை விற்றார் என்றால் நம்புவார்கள். தியாகம் நமக்குப் பழக்கமான சங்கதி. ஒழுங்காக வேலை பார்ப்பதுதான் அமானுஷ்யம்.

செத்த பிறகும் அவரை விட்டபாடில்லை. தேனிப் பக்கம் பிள்ளைகளுக்கும் கடைகளுக்கும் அவர் பெயர். வீடுகளில் சாமி படங்களோடு அவர் படம். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். மதுரையில் கலைஞர் நூலகம் கட்ட இடம் பார்த்தபோது, அது துரை குடியிருந்த வீடு, இடிக்கக் கூடாது என்று 2021இல் பெரிய சர்ச்சை. அந்தக் கட்டடம் 1912, 1913இல் கட்டப்பட்டது, துரை 1911 மார்ச் 9ஆம் தேதியே இங்கிலாந்தில் காலமாகிவிட்டார் என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தவரை மலைக்காட்டில் அலைந்தவருக்கு, செத்த பிறகு மதுரையில் பங்களா கிடைத்தது.

குருவிகுளத்துக்கு இதிலெல்லாம் பங்கு கேட்கும் ஆசை இல்லை. ஒரே ஒரு மனு உண்டு. சிவகிரிக்கு மேலே மலையில் செண்பகவல்லி அணைக்கட்டு இருக்கிறது. ஒருகாலத்தில் வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் தண்ணீர் தள்ளிவிட்ட சின்ன அணை. 1960களில் உடைந்தது. இடம் கேரள வனத்துக்குள் இருப்பதால் அடைப்பதற்கு இரண்டு மாநிலங்களும் பேச வேண்டும். விவசாயிகள் ஆர்ப்பாட்டமும் மனுவுமாக இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 155 அடி எழுப்ப வேண்டாம், மலையைக் குடைய வேண்டாம், உடைந்த இடத்தை அடைத்தால் போதும். யாராவது ஓர் இன்ஜினீயர் இந்தக் கோப்பைக் கையில் எடுக்க வேண்டும். வீட்டு நகைக்கு ஆபத்தில்லை, சம்பளம் அரசாங்கமே கொடுக்கும்.