உதவாதீர்கள் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்

ஆசிரியருக்கு உதவ விரும்பாதவர் என்று இந்த நாட்டில் ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. அமைச்சர் உதவுகிறார், செயலர் உதவுகிறார், ஆட்சியர் உதவுகிறார், தேர்தல் ஆணையம் உதவுகிறது, நீதிமன்றம் உதவுகிறது, செயலி எழுதிக் கொடுக்கும் கம்பெனி உதவுகிறது, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியும் உதவுகிறது. ஒரு தொடக்கப்பள்ளிக்கு உதவத் துடிப்பவர்களை வரிசையில் நிறுத்தினால் வரிசை பேருந்து நிலையம் வரை போகும். அந்தப் பள்ளியில் பாடம் நடத்த மட்டும் இரண்டே பேர். அதிலும் ஒருவர் இன்று பயிற்சிக்குப் போயிருக்கிறார்.

இரண்டு பேர் என்றதும் அவசரப்பட்டுக் கோபப்படாதீர்கள். எல்லாம் சட்டப்படிதான். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் மொத்தம் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் போதும் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வகுப்பு ஐந்து, பாடம் இருபதுக்கு மேல், ஆள் இரண்டு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு இரண்டரை வகுப்பு. அந்த அரை வகுப்பு எது என்று சட்டம் சொல்லவில்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புக்குத் தெரியும்.

நான் பார்த்த பள்ளி ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் தலைமையாசிரியைக்கு 17-பி ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்து சேரும். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில், வரிசை வரிசையாக. காலை ஒன்பதரை. தலைமையாசிரியை கையில் செல்போனோடு காம்பவுண்டுச் சுவர் ஓரம் வேப்பமரத்தடியில் நிற்கிறார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். பிள்ளைகள் வருகை ஏற்ற வேண்டும், தன் வருகை ஏற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்த வட்டம் ஒரு வழியாக நின்றது, ஏறிவிட்டது. உடனே வாட்ஸ்அப் சிணுங்கியது. 'மிக மிக அவசரம். இன்று பிற்பகல் 3 மணிக்குள்.' கூகுள் ஷீட்டில் நிரப்ப வேண்டியவை: வளாகத்தில் மரம் எத்தனை, குழாய் எத்தனை, குடிநீர்த் தொட்டி எத்தனை லிட்டர். இதே கேள்வி போன மாதமும் வந்தது, அதற்கு முந்தின மாதமும் வந்தது. தொட்டி வளரவில்லை. ஆனாலும் நிரப்பாவிட்டால் 'நிரப்பாத பள்ளிகள்' என்ற பட்டியலில் பள்ளியின் பெயர் சிவப்பில் வரும். பிறகு மேலிருந்து போன்: "என்னம்மா, உங்க ஒரு ஸ்கூலாலதான் நம்ம ஒன்றியமே கடைசியில நிக்குது."

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிலேட்டோடு மரத்தடிக்கே வந்துவிட்டாள். 'ழ' எழுதியிருந்தாள். சுழி கொஞ்சம் கோணல். "இரு பாப்பா, இத முடிச்சிட்டு வர்றேன்" என்றார் ஆசிரியை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சிறுமி நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளங்கையால் சிலேட்டை அழித்துவிட்டு உள்ளே போனாள். அந்த 'ழ' எந்தச் செயலியிலும் ஏறவில்லை.

ஏறியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு திட்டம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிக்கிறது. பெயர் சூட்டுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. இல்லம் தேடிக் கல்வி, நான் முதல்வன், வானவில் மன்றம், கலைத் திருவிழா, நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பழுது சொல்ல மனம் வராது. காலை உணவுத் திட்டத்தைக் குறை சொல்கிறவன் பசி அறியாதவன். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பயிற்சி, ஒரு பதிவேடு, ஒரு புகைப்படம், ஒரு பதிவேற்றம், ஒரு ஆய்வுக் கூட்டம் உண்டு. எல்லாத் திட்டமும் கடைசியில் வந்து இறங்கும் முதுகு ஒன்றுதான். எந்தப் பிள்ளை அரும்பு, எந்தப் பிள்ளை மொட்டு என்று பதிவேற்றும் நேரத்தில் அந்தப் பிள்ளை மலர்வதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதைத் திட்ட அறிக்கையில் எழுத மறந்துவிட்டார்கள்.

அடுத்து, தேர்தல் ஆணையத்தின் உதவி. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பவே கூடாது என்கிறது. படித்தால் புல்லரிக்கும். அதே வாக்கியத்திலேயே விலக்கும் இருக்கிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். விலக்கு மூன்றுதான். உள்ளாட்சித் தேர்தல், சட்டமன்றத் தேர்தல், மக்களவைத் தேர்தல், அவற்றுக்கான பயிற்சி வகுப்பு, வாக்காளர் பட்டியல் திருத்தம் எல்லாம் அந்த மூன்றுக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்கள் படிவக் கட்டோடு தெருத் தெருவாக அலைந்தார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லையா, நாளை வா. நாளை வந்தால், சாயங்காலம் வா. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இது முடிந்ததும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இந்தியாவில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று ஆசிரியர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். அவர் அப்படிப் போகும் நேரத்தில் எழுதப் படிக்கத் தெரியாமல் போகிற பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சம்பள விஷயத்தில் தமிழ்நாடு அரசின் உதவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2009 மே 31-க்குள் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1-இல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பு, அதே பாடப்புத்தகம். ஓர் இரவு கழிந்ததற்கு 3,170 ரூபாய் அபராதம். கேட்டால் ஊதியக் குழு என்பார்கள். தொடர்ந்து கேட்டால் குழு அமைப்பார்கள். விடாமல் சென்னைக்கே வந்து கேட்டால் போலீஸ் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் இறக்கி, சாப்பாடு போட்டு, மாலையில் விட்டுவிடுவார்கள். இந்த நாட்டில் ஆசிரியருக்கு அரசு செலவில் கிடைக்கும் ஒரே விருந்து அதுதான்.

2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது 12,500-ஐ எட்டப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. அதிலும் ஆண்டாண்டுக் காலமாக மே மாதம் சம்பளம் இருந்ததில்லை. பள்ளிக்கு விடுமுறை என்றால் ஆசிரியர் வீட்டு அடுப்புக்கும் விடுமுறை என்பது நிதித்துறையின் கண்டுபிடிப்பு. நியமித்த கட்சி நிரந்தரம் செய்யவில்லை. எதிர்க்கட்சியாக இருந்த கட்சி 2021 தேர்தல் அறிக்கையில் 181-ஆம் எண்ணிட்டு நிரந்தரம் செய்வதாக எழுதிக் கொடுத்து, ஆட்சிக்கும் வந்தது. 2025-லும் பகுதிநேர ஆசிரியர்கள் சென்னையில் போராடிக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதி வராவிட்டால் ஆசிரியர் கேட்கிறார். 181-ஆம் வீட்டுப்பாடத்தை யார் கேட்பது?

2022-இல் காலியிடங்களை நிரப்ப இன்னும் மலிவான வழி ஒன்று கிடைத்தது. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 தற்காலிக ஆசிரியர்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 என்று அறிவித்தார்கள். முப்பதால் வகுத்தால் நாளுக்கு 250. அந்தக் கூலிக்குச் சித்தாள் வரமாட்டார். கட்டடத்துக்குச் செங்கல் தூக்குகிறவருக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித் தருகிறவருக்கு அந்த விலைகூட இல்லை. ஆள் இல்லாமலா இந்த ஏற்பாடு? 2013-இலேயே ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிவிட்டு, சான்றிதழை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு தலை நரைக்கக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு 2018-இல் இன்னொரு போட்டித் தேர்வு வேண்டும் என்று அரசாணை போட்டார்கள்.

வெளியே காத்திருப்பவருக்கு ஒரு தேர்வு போதாது என்றால், உள்ளே இருப்பவர் மட்டும் நிம்மதியாக இருக்கலாமா? 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையேல் வேலை போகும். இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் இன்று தன்னிடம் படித்த பிள்ளையிடமே கைடு கடன் கேட்கிறார். பகலில் செயலி, மாலையில் படிவம், இரவில் குழந்தை வளர்ச்சி உளவியல். தீர்ப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் 17-பியோடு முடியாது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, அதே ஆசிரியர்களுக்கு ஆசிரியர் தின வாழ்த்து சொன்னோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு நாள் ஆசிரியர் தெய்வம். தெய்வம் என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி, தெய்வம் சம்பளம் கேட்காது. விருதும் உண்டு. தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியரே இணையத்தில் தன்னை முன்மொழிந்து, செய்த நற்செயல்களுக்குப் புகைப்பட ஆதாரமும் ஏற்ற வேண்டும். தான் நல்லவர் என்று தானே விண்ணப்பிக்கக் கூசும் நல்லாசிரியர்கள் போட்டியிலிருந்து தாமே விலகிவிடுவதால் தேர்வுக் குழுவுக்கு வேலை மிச்சம்.

டெல்லி தன் பங்குக்குச் செய்த உதவி 2,152 கோடி ரூபாய். கொடுத்த தொகை என்று நினைத்துவிடாதீர்கள். 2024-25-இல் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்த தொகை. புதிய கல்விக் கொள்கையை ஏற்கும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் காசு என்றார்கள். மும்மொழியா இருமொழியா, புதிய கல்விக் கொள்கையா பழைய கொள்கையா என்று பெரியவர்கள் மோதிக்கொண்டார்கள். மோதட்டும். அந்தத் திட்டத்துப் பணத்தில்தான் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் வருகிறார், கை கால் அசைக்கச் சொல்லித் தரும் இயன்முறை சிகிச்சையாளர் வருகிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் தேசியக் கல்விக் கொள்கைக்கும் என்ன பகை? பிள்ளைகளின் பணத்தைப் பிணையாகப் பிடித்து வைத்துக் கையெழுத்து கேட்பதற்குப் பெயர் கூட்டாட்சி அல்ல, கந்துவட்டி.

கொடையாளர்களை மறந்தால் பாவம். நிறுவனங்கள் வருகின்றன. ரயில் பெட்டி போலச் சுவரில் ஓவியம், ஸ்மார்ட் டி.வி., ரிப்பன், கத்தரிக்கோல், குழுப் படம். அவர்கள் காரில் ஏறியதும் டி.வி. தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். காணாமல் போனால் ஓய்வுபெறும் நாளில் தணிக்கைத் தடை எழுதி அவர் பணப்பலனில் பிடிப்பார்கள் என்ற பயம். கழிவறை கழுவுகிற பெண்ணுக்கு மாதாமாதம் ஒழுங்காக ஒரு கூலி கொடுக்கும் நன்கொடையாளரை மட்டும் நான் கண்டதில்லை. கழிவறை வாசலில் நின்று குழுப் படம் எடுக்க முடியாதல்லவா? அதனால் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிப்பதில்லை.

கடைசியாக நாம். தன் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து "வாத்தியாருங்களுக்குச் சம்பளம் ஜாஸ்தி, லீவு ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்கிற நாம். நம் வீட்டுப் பிள்ளை அங்கே இல்லை, அதனால் அங்கே யார் இல்லை என்பதும் நமக்குத் தெரியவில்லை. அரசுப் பள்ளி நம் ஓட்டை மாற்றாது என்பது கட்சிகளுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் அறிவித்துக்கொண்டே இருப்பதற்கும் நிரப்பாமலே இருப்பதற்கும் காரணம் அந்த ஒன்றுதான்.

ஆசிரியருக்கு என்ன வேண்டும் என்று ஆய்வு நடத்த வேண்டாம், அதற்கும் ஒரு கூகுள் ஷீட் வரும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர், நிரந்தரமாக. கணக்கெழுத நான்கு பள்ளிக்கு ஓர் எழுத்தர். கழிவறைக்கு வயிறு நிறையக் கூலி வாங்கும் ஒரு துப்புரவுப் பணியாளர். பள்ளி மணி அடித்ததிலிருந்து நீண்ட மணி அடிக்கும் வரை மேலிடத்திலிருந்து ஒரு போனும் வராத நாள். வாக்காளர் பட்டியலும் மக்கள்தொகையும் எடுக்க ஆள் வேண்டுமென்றால் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற உதவிகளையெல்லாம் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டுக் கேட்டு யார் வாசலுக்கு வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: எங்கள் ஊர்ப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் எந்த மாதம், எந்தத் தேதியில் வருவார்? பதிலாகத் தேதி வந்தால் யோசியுங்கள். திட்டத்தின் பெயர் வந்தால் கதவைச் சாத்துங்கள்.