செத்த காலேஜுக்குச் சில புது வரவுகள்

சென்னையில் பறவையாகவோ மீனாகவோ பிறந்துவிட்டால், முதல் வேலையாகச் செத்துவிடுவது நல்லது. செத்த பிறகு கிடைக்கிற மரியாதையே தனி. எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, பெயர்ப்பலகை, 'தொடாதீர்கள்' என்ற எச்சரிக்கை. தொட்டுத்தான் பார்ப்போமே என்று கையை நீட்டினால் அதட்டுவதற்கு நாற்காலி போட்டு ஒரு ஊழியர். உயிரோடு இருக்கும் ஒரு கூழைக்கடாவுக்கு இந்த நகரத்தில் இதில் ஏதாவது ஒன்று உண்டா?

அந்தக் காலச் சென்னைவாசிகள் இந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றார்கள். மிருகக்காட்சிசாலை அவர்களுக்கு 'உயிர் காலேஜ்'. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் 1854இல் எழும்பூருக்கு வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். செத்ததைப் பார்க்க மட்டும் ஜனங்கள் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வளாகத்திலேயே புலிக்குட்டியையும் சிறுத்தையையும் வைத்தார், கூட்டம் அள்ளியது. 1855இல் அதுவே மிருகக்காட்சிசாலை ஆனது. பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூரில் குடியேறியது. உயிர் காலேஜை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த ஊர் முழுவதையும் மற்ற காலேஜோடு இணைத்துவிட்டோம்.

அங்கே தொங்கும் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் பாடம் செய்த விலங்குகளையும் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. உலகெங்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் பதிவேடுகளில் ஒவ்வொரு உயிருக்கும் சில விவரங்கள் எழுதுவது வழக்கம்: என்ன இனம், எந்த இடம், என்ன தேதி, சேகரித்தவர் யார். வெள்ளைக்காரத் துரை காலத்தில் சேகரித்தவர் என்றால் பெரும்பாலும் சுட்டவர். மறைக்கவில்லை. நான்தான் சுட்டேன், இன்ன ஊரில், இன்ன நாளில் என்று பெயரெழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். கொன்றதில் அவருக்கு ஒரு நேர்மை இருந்தது. நம் ஆட்களுக்கு அதுகூட இல்லை. துரை ஒரு பறவையைச் சுட்டுப் பெயர் எழுதினார். இவர்கள் ஒரு சதுப்பு நிலத்தையே முடித்துவிட்டு, அதே இடத்தில் உலகச் சுற்றுச்சூழல் நாளுக்கு மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை. எழும்பூரில் சில புதிய காட்சிக்கூடங்கள் திறக்கலாம். சரக்குக்குப் பஞ்சமில்லை.

முதலில் பள்ளிக்கரணைக் கூடம். அறுபதுகளில் ஏறக்குறைய 5,500 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு அது. தென்சென்னையின் மழைத் தண்ணீரெல்லாம் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலுக்குப் போகும் இடம். இப்போது மிஞ்சியிருப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு. மீதி எங்கே போனது என்று கேட்காதீர்கள். அதன் மேல் நின்றுகொண்டுதான் கேட்கிறீர்கள். ஐ.டி. கம்பெனி, கல்லூரி, பறக்கும் ரயில், அடுக்குமாடி எல்லாம் அதன் மேல்தான். கடல் தொழில்நுட்பத்துக்கு ஒரு தேசிய நிறுவனம், காற்றாற்றலுக்கு ஒரு தேசிய நிறுவனம் என்று விஞ்ஞானமும் அந்தச் சேற்றிலேயே இடம் பிடித்தது. இதெல்லாம் போதாதென்று பெருங்குடியில் மாநகராட்சி தன் குப்பையையும் அங்கேயே மலையாகக் கொட்டியது. ஆவணத்தில் அதற்குப் பெயர் 'கழுவெளி'. எதற்கும் உதவாத தரிசு என்று அதிகாரிகளுக்கு அர்த்தமாகியிருக்க வேண்டும். பூநாரைக்கும் ஊசிவால் வாத்துக்கும் இலைக்கோழிக்கும் பட்டா கிடையாதே.

2022இல் அதே இடம் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. முக்கியமான சதுப்புகளுக்குக் கிடைக்கும் உலக மரியாதை. அறிக்கைகள் பறந்தன, பாராட்டுகள் குவிந்தன. சான்றிதழ் வந்த பிறகும் குப்பை லாரி வந்தது.

இங்கே தர்ஸ்டன் துரையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1885 முதல் 1908 வரை இந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஆட்களை நிறுத்தி வைத்து மண்டையையும் மூக்கையும் அளந்தவர். சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதி போட்டவர். கருவியை எடுத்துக்கொண்டு அவர் இன்று பெருங்குடிக்கு வந்தால் ஒரு மூக்கையும் அளக்க முடியாது. எல்லாரும் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கரணையை நிரப்பிய சிமெண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலாக இருந்தது. அந்தக் கடலின் சங்கும் சிப்பியும் அம்மோனைட்டும் படிந்த பூமிதான் இன்றைய சுண்ணாம்புக்கல் சுரங்கம். பழைய கடலைத் தோண்டி அரைத்து மூட்டையில் கட்டி, நேற்றைய சதுப்பில் கொண்டுவந்து கொட்டி, மேலே எழும்பிய மாடிக்கு 'லேக் வியூ' என்று பெயர் வைத்து விற்கிறோம். நாமும் கடன் வாங்கி வாங்குகிறோம். டிசம்பரில் ஏரி வீட்டுக்குள் வந்து 'வியூ' காட்டும்போது மட்டும் அரசு என்ன செய்கிறது என்று கத்துகிறோம்.

அடுத்தது எண்ணூர்க் கூடம். இதற்குக் கொஞ்சம் பெரிய அறை வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். இறாலும் நண்டும் மடவையும் பெருகிக் கிடந்த இடம். அனல்மின் நிலையச் சாம்பல் குழாயிலிருந்து கசிந்து கசிந்து ஆற்றின் அடியில் படிந்தது, வருடக் கணக்கில். ஆறு ஆழம் குறைந்தது, மீனவர் பிழைப்பும் குறைந்தது. பிறகு 2023 டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கிப் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தை மூடியது. தங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது அங்கிருக்கும் பொதுத்துறைச் சுத்திகரிப்பு ஆலை. எண்ணெய் தானே எழுந்து நடந்து வந்திருக்கலாம். புயல் காலத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும்.

கூழைக்கடாக்கள் கறுப்பாகி, இறக்கை ஒட்டிப்போய், பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. விண்வெளிக்கு ராக்கெட் விடும் நாட்டில் அந்த எண்ணெயை அள்ளியது மீனவர்களின் வெறுங்கை, வாளி, குவளை. அவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய். நிவாரணமாகக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். ஒரு வலையின் விலை என்ன, படகில் ஏறிய எண்ணெயைக் கழுவ எத்தனை நாள் என்று அந்தத் தொகையைக் கணக்குப் போட்டவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மாதம் முடியும் முன்பே, 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்த ஜனம் மூச்சுத் திணறித் தெருவில் ஓடியது. அருங்காட்சியகத்தில் வைக்க இந்தக் காட்சியைப் பாடம் செய்ய முடியாது. ஆனால் வடசென்னைக்காரர்களைக் கேட்டால் வாயாலேயே காட்டுவார்கள்.

ஆமைக் கூடத்துக்குத் தனியாகச் சேகரிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதை ஒட்டியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. முட்டையிட வந்தவை. இழுவலையில் மாட்டி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் திணறிச் செத்தவை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்க வழி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. விதிகள் கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, யாரும் தொடுவதில்லை. 1988இலிருந்து மாணவர்கள் சம்பளமில்லாமல் இரவில் மணலில் நடந்து முட்டை பொறுக்கிப் பாதுகாக்கிறார்கள். சம்பளம் வாங்கும் துறைகள் கரைக்கு வருவது ஆமை நாறின பிறகுதான்.

கூவத்துக்குக் கூடம் தேவையில்லை. அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. காற்று அடிக்கும் திசையில் நின்றால் போதும்.

சரி, கூடங்கள் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப்பலகையில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என்ன எழுதுவது? 'காலநிலை மாற்றம்' என்று எழுதத் துடிப்பார்கள். 'மக்கள்தொகைப் பெருக்கம்' என்றும் ஒன்று கைவசம் இருக்கும். இரண்டும் பதவியில் இல்லாதவை, பென்ஷன் வாங்காதவை, தேர்தலில் நிற்காதவை. வசதியான குற்றவாளிகள்.

அது வேண்டாம். துரை செய்த மாதிரி ஆள் பெயர் எழுதுங்கள். சதுப்பில் குப்பை கொட்ட உத்தரவிட்டவர், கழுவெளியைத் தரிசு என்று வகை மாற்றியவர், சாம்பல் குழாய்க்கு ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பித்தவர், விதி மீறிய படகைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போது அந்தந்தத் துறைக்கு அமைச்சராக இருந்தவர். எந்தக் கட்சியின் ஆட்சி என்று தேர்ந்தெடுத்து எழுத வேண்டாம். மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளும் சேகரித்ததுதான். தேடுவது கஷ்டமும் இல்லை. கோப்புகள் கோட்டையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருக்கிறது, கையெழுத்துக்குக் கீழே தேதியும் இருக்கிறது.