மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே

கால் வலி என்று நம் ஊரில் வாய்விட்டுச் சொல்லிவிட முடியாது. அடுத்த நொடி, "சுகர் இருக்கா?" என்பார்கள். இல்லை என்றால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. மூன்று மாத சராசரியும் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னபோது, எதிர்வீட்டுக்காரர், "அந்த லேபை நம்பாதீங்க சார்" என்றார்.

என் வலிக்கு வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, கட்டுப் போட இடமும் இல்லை. செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் இருக்கும். உதறினால் ஒன்றும் விழாது. திடீரென்று விரல் நுனிவரை சுரீர் என்று ஓடும். பேருந்து நிறுத்தத்தில் ஒற்றைக்காலில் நின்று விரலைப் பிடித்துவிடுகிறவனை யாரும் நோயாளியாக மதிப்பதில்லை.

எலும்பு டாக்டர் பாதத்தை இருபக்கமும் சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்து கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். 'டக்'. நான் அலற, அவர் முகத்தில் பரமானந்தம். 1951-ல் அதை எழுதிவைத்த முல்டரின் பெயரையே அந்தச் சத்தத்துக்கு வைத்திருக்கிறார்களாம். பயிற்சி டாக்டர்களையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு 'டக்' கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

"மார்ட்டன் நியூரோமா. பிலடெல்பியாவில் மார்ட்டன்னு ஒரு சர்ஜன் 1876-லேயே எழுதிட்டார்."

விரலுக்குப் போகும் நரம்பு எலும்புகளுக்கிடையே நசுங்கி நசுங்கித் தடித்துப்போகிறதாம். பெண்களுக்குத்தான் அதிகம். "ஹை ஹீல்ஸ் போடுவீங்களா?" என்று கடமை தவறாமல் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, என் பதிலுக்காக அக்கறையோடு காத்திருந்தாள். கூர்முனை ஆபீஸ் ஷூ என்று தெரிந்ததும் இருவருக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

ஷூவுக்குள் ஒரு சின்ன மெத்தை ஒட்டச் சொன்னார். வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே அல்ல, சற்றுப் பின்னால். அப்போதுதான் எலும்புகள் விலகி நரம்புக்கு இடம் விடும். கேட்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் நரம்பையே வெட்டி எடுத்துவிடலாம். அப்புறம் அந்த விரலிடுக்கு மரத்தே கிடக்கும்.

வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடச் சொன்னார். "நடுவீட்டுல செருப்பா?" என்றார் அம்மா. பேச்சுவார்த்தையில், பூஜையறையைத் தாண்டும்போது மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. கையில் செருப்போடு சாமியைக் கடப்பது எந்த வகை மரியாதை என்ற கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அந்த ரப்பர் செருப்புக்கு வேலூர்ப் பூர்வீகம் உண்டு. தொழுநோயில் உணர்ச்சியற்றுப்போன பாதங்களைக் காப்பாற்ற, டாக்டர் பால் பிராண்டும் சகாக்களும் அங்கே அதைக் காலணியாக்கிப் பார்த்தார்கள். வலி தெரியாததால்தான் கால் புண்ணாகிறது என்று கண்டவர் அவர். வலி ஒரு கொடை என்றே எழுதினார். கொடைதான், மறுக்கவில்லை. எனக்கு அளந்தவர் கை கொஞ்சம் தாராளம்.

புது ஷூவைச் சாயங்காலம், கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில் வாங்க வேண்டுமாம். போனேன். முன்பக்கம் அகலமாக வேண்டும் என்றேன். கடைப்பையன் கொண்டுவந்ததில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"போடப் போட லூஸாகிடும் சார்."

"எது, ஷூவா, விரலா?" என்றேன்.