கண்ணாடிப் பொட்டியும் கலர் லைட்டும்

ஏன் தம்பி, நீ கம்ப்யூட்டர் கட்டப் போறேன்னு கூலாய் பூரா பேச்சா இருக்கே? கொண்டா அந்தப் பட்டியல, பாப்போம். ஆர்டிஎக்ஸ் 5090. ரைசன் 9 7950எக்ஸ். ராம் நாலு குச்சி. காத்தாடி ஏழு. ஏழும் கலர் கலரா மின்னுமா? மின்னும்ங்கிற. பக்கவாட்டுல கண்ணாடி வேற. சரி, மானிட்டர் எங்கடா? பழசே போதுமா?

அங்கதான்டா எனக்குச் சிரிப்பு வருது. உன் பழைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். செகண்டுக்கு 60 படம்தான் காட்டும். உன் கார்டு 200 படம் வரைஞ்சு தள்ளும். கை வேகம் கொஞ்சம் கூடும்னு சொல்லுவானுங்க, இருக்கட்டும். மிச்சம் 140 படம் யாருக்கு? எதுத்த வீட்டு ஆயாவுக்கா?

எனக்கு இதெல்லாம் புதுசு இல்ல. தோட்டத்துல இருந்தப்ப போனஸ் காசுல ஒருத்தன் மூணு அடுக்கு ஸ்டீரியோ வாங்குனான். ஸ்பீக்கர் ரெண்டும் ஆள் ஒசரம். லயத்து வீட்டுக்குள்ள நொழையல, அஞ்சடில வெச்சுப் போட்டான். கேசட்டு? ரெண்டே ரெண்டுதான். மாரியம்மன் தாலாட்டையும் ஒரு சினிமாப் பாட்டையும் பத்து லயமும் ராவெல்லாம் கேட்டுச்சு. உன் பட்டியலப் பாத்ததும் அவன் மூஞ்சிதான் வருது.

நீ என்னத்த வெட்டி ஒட்டப் போற? கல்யாண வீடியோ, அப்பப்ப ஒரு காதுகுத்து. நீ ராப்பகலா கலர் பாத்து முடிச்சதும் மாப்பிள்ளையோட அத்தை அத வாட்சாப்புல வாங்குவா. அது பிழிஞ்சு சக்கையாக்கித்தான் அனுப்பும். அந்தச் சக்கைய அவ கைப்பேசிய நட்டுக்க வெச்சுப் பாப்பா. மூக்குத்தி தெரிஞ்சா போதும் அவளுக்கு.

லேப்டாப்பு திக்குதுன்னு சொல்ற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். 4கே படத்த அப்படியே போட்டு வெட்டுனா திக்காம என்ன செய்யும்? அதுக்குத்தானே ப்ராக்ஸின்னு ஒண்ணு வெச்சிருக்கான்? சின்ன சைஸ்ல நகல் எடுத்து அதுல வெட்டு. கடைசியா வெளிய எடுக்கறப்ப பெருசு தானா வந்து ஒக்காந்துக்கும். டாவின்சி ரிசால்வ் சும்மாவே கெடைக்குது, 4கே வரைக்கும் எடுத்துக் குடுக்குது. அத முழுசாக் கத்துக்கிட்டியா? இல்ல, மெஷின் வந்ததும் கத்துக்கலாம்னு இருக்கியா?

விளையாட்டும் உண்டுன்னு சொல்ற. தப்பில்ல, வயசு அப்படி. ஆனா 5090 முழு மூச்சுல ஓடுனா 575 வாட் தின்னும். ரைசன் ஒரு 170. மத்த சாமானயும் சேத்தா 800 வாட் பக்கம். இத்தனையும் கடைசில எங்க போவுது? சூடாத்தான் போவுது, உன் ரூமுக்குள்ள. வெளிய மத்தியானம் 33 டிகிரி அடிக்குது. ஜொகூர்ல காசு குடுத்து ஹீட்டர் வாங்குற மொத ஆளு நீதான்டா! அதக் குளிர வைக்க ஏர்கோன் போடுவ. ராவுக்கு அஞ்சு மணி நேரம் முழு வீச்சுல ஓடுனா, ஏர்கோன விட்டுட்டே, மாசம் 120 யூனிட். கரண்டு பில்லு யாரு பேர்ல வருது? உங்கப்பா பேர்லதானே? அவர்கிட்ட சொல்லிட்டியா?

அப்புறம் பவர் சப்ளை. கார்டு கம்பெனிக்காரனே 1,000 வாட் வெய்யுன்னு சொல்றான். நீ பேரு தெரியாத ஒண்ணு எழுதியிருக்க, வெல கம்மின்னு. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுவாங்களா? கார்டுக்குப் போற ஒயர கடைசி வரைக்கும் அமுக்கிச் சொருகு. 2022ல 4090 வந்தப்ப, சரியா அமுங்காத சொருகி சூடாகி உருகிப் போச்சுன்னு எத்தனை பேர் புலம்புனான்! காத்தாடி மின்னுதான்னு பாக்கறதுக்கு முன்னாடி அதப் பாரு.

இடியையும் மறந்துட்ட. சாயங்காலம் நாலு மணிக்கு கூலாய்ல மழை கட்டுனா என்ன ஆவும்? டமார்னு ஒண்ணு விழும், ஈஎல்சிபி தட்டும், வீடே இருட்டாப் போவும். அப்ப நீ மூணு மணி நேரமா ரெண்டர் பண்ணிக்கிட்டிருந்தது? உன் பட்டியல்ல யூபிஎஸ் இல்ல. கலர் லைட்டு அஞ்சு வரி இருக்கு.

ராமுக்கு வருவோம். நாலு ஓட்டை இருக்கு, ரெண்டு சும்மா கெடந்தா கண்ணாடி வழியாப் பாக்க அசிங்கமா இருக்குமாக்கும்? உன் ரைசனுக்கு ரெண்டு குச்சின்னா 5200 வேகம், நாலு சொருகுனா 3600ன்னு ஏஎம்டிக்காரனே எழுதி வெச்சிருக்கான். கூட வேணும்னா பெரிய குச்சியா ரெண்டு வாங்கு.

வெலையக் கேட்டுட்டு மொகம் வாடி வந்தியாமே? வாடத்தான் செய்யும். 2025 கடைசில ஏறுன ஏத்தம் அப்படி. உலகத்துக்கே ராம் செய்யறவன் முக்காவாசி மூணு பேருதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூணு பேருக்கும் இப்ப ஏஐக்காரன்தான் மாப்பிள்ளை. மைக்ரான் அந்த வருசம் டிசம்பர்ல, க்ரூஷல்ங்கிற தன் சில்லறை யாவாரத்தையே மூடுறேன்னு சொல்லிட்டான். உன்ன மாதிரி ரெண்டு குச்சி வாங்குறவனுக்கு எவன் நாக்காலி போடுவான்?

அந்த ஏஐ கொட்டகை எங்க இருக்குன்னு நெனைக்கிற? அமெரிக்காவுலயா? உன் மோட்டோவுல பத்து நிமிசம் போனா ஒண்ணு வரும். கூலாய் யங் தோட்டம் தெரியுமா உனக்கு? எங்க தெரியும்! செம்பனை நின்ன காடு அது. நம்ம ஆளுங்க குலை வெட்டி, உதிரி பொறுக்கி, முதுகு ஒடிஞ்ச எடம். அங்கதான் வொய்டிஎல் கம்பெனிக்காரன் 500 மெகாவாட்டுக்கு டேட்டா சென்டர் பூங்கா போட்டிருக்கான். பூங்கான்னா பூவத் தேடாத. 2023 டிசம்பர்ல என்விடியாவோட கை கோத்தான், 2,000 கோடி வெள்ளிக் கணக்கு. செடெனாக் பக்கம் போனாலும் இதே கததான். முந்தி குலை லோரி போன ரோட்டுல இப்ப கோன்டேனர் போவுது.

அங்க வெக்கிற அலமாரி ஒண்ணுல 72 சிப்பு. ஒரு அலமாரியே 120 கிலோவாட் பக்கம் இழுக்கும். அதையும் குளிர வைக்கத்தான் வேணும், உன்னுத மாதிரியே. ஒரு வித்தியாசம், அதுல ஒண்ணுலகூட கலர் லைட்டு இல்ல. வேலை செய்யற மெஷினாச்சே!

இன்னொண்ணு கேள்விப்பட்டேன். பிராசசர் வாங்க பாலம் தாண்டி சிங்கப்பூர் சிம் லிம்முக்குப் போறியாமே? நல்லது, ரெண்டு மணி நேரம் ஜாம்ல நில்லு. வாங்குனதும் அது மேல இருக்கற எழுத்தப் படி. மேட் இன் மலேசியான்னு போட்டிருந்தா கோவிச்சுக்காத. இன்டெல்லும் ஏஎம்டியும் 1972லயே பினாங்குல கடை போட்டவனுங்க. நம்ம நாட்டுல ஒட்டி முடிச்ச சிப்ப, ஃபாரின் சரக்குன்னு அங்க போயி வாங்கிட்டு வர்றதுல ஒரு பெரும, என்ன? இங்க ஜொகூர்லயே இருக்கற ஹாலிடே பிளாசாவுல ஒரு நட எறங்கிக் கேட்டியா?

செகண்ட் ஹேண்ட் ஐ9 மலிவா வருதுன்னு எவனாச்சும் காதுல ஓதுனா, 13ஆம், 14ஆம் தலைமுறையான்னு கேளு. அது தேவைக்கு மேல வோல்டேஜ் குடிச்சுத் தன்னையே கெடுத்துக்கிட்ட ஜாதி. 2024 ஆகஸ்டுல இன்டெல் மருந்து குடுத்தான், வாரண்டியும் ரெண்டு வருசம் நீட்டுனான். மருந்துக்கு முன்னாடியே கெட்டது கெட்டதுதான். விக்கிறவன் மொகத்தப் பாத்து நம்பிடாத.

பட்டியல்ல பேக்கப் டிஸ்க்கும் இல்லையே, அத கவனிச்சியா? ஒரே ஒரு எஸ்எஸ்டி, அதுலதான் எல்லாக் கல்யாணமும். அது ஒருநாள் மூச்ச நிறுத்துச்சுன்னா என்ன செய்வ? பொண்ணு மாப்பிள்ளையக் கூப்பிட்டு, இன்னொருக்கா கட்டுங்கன்னு சொல்லுவியா? ரெண்டு சாதா ஹார்ட் டிஸ்க்கு வாங்கு. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு உன் அக்கா வீட்டுல.

பேனாவக் குடு இப்படி. காத்தாடி ஏழு எதுக்கு, மூணு. 5090ஐ அடிச்சாச்சு, ரெண்டு படி எறங்கி வா, விளையாட்டு ஓடாமப் போவாது. மிச்சத்துல நல்ல மானிட்டர், யூபிஎஸ், டிஸ்க்கு ரெண்டு. ஏன்டா மொறைக்கிற? லைட்டா? சரி, ஒரு காத்தாடி மின்னட்டும். வயசுப் புள்ள, ஆசையக் கெடுக்கல.

தை மாசம் என் பேத்திக்குக் கல்யாணம். நீதான் எடுக்கணும், காசு பேசிக்கலாம். ஆனா போன தடவ உங்க மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குக் குடுத்தியே மூணு மணி நேரப் படம், ட்ரோன் மேல போவுது, கீழ வருது, மறுபடி மேல போவுது, தாலி கட்டுறது எங்க இருக்குன்னு குடும்பமே தேடுச்சே, அது மாதிரி வேணாம். முக்கா மணி நேரம் போதும். பாட்டி அழுவுறதையும் பந்தியையும் வெட்டிடாத.